ரூட்டுக்கு வந்த கடிதம் எங்கே போச்சு?

உங்கள் கம்ப்யூட்டர் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறது. தெரியுமா? ஜிமெயிலுக்கு இல்லை. அதற்குள்ளேயே ஒரு தபால் பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதில் போடுவதற்காக எழுதுகிறது. ஆனால் இன்று நாம் வீட்டில் நிறுவும் பெரும்பாலான லினக்ஸ் சிஸ்டங்களில் அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள். எழுதிய கடிதம் அப்படியே குப்பைக்குப் போகிறது.

இது தவறு என்பது என் கட்சி. வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் உள்ளூர்த் தபால், அதாவது லோக்கல் மெயில் டெலிவரி, இருந்தே ஆகவேண்டும். பதினைந்து நிமிட வேலைதான். செய்யாமல் விட்டு நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டு கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது. போட்டோக்கள் எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில். ஒவ்வொரு நாளும் இரவு 9.30 மணிக்கு அந்த போட்டோக்களை வெளியே இணைத்துள்ள யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுக்கும்படி, கிரான் மூலம் ஒரு கட்டளை போட்டு வைத்திருந்தேன். (கிரான் என்பது லினக்ஸின் அலாரம் கடிகாரம். சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்யும்.) ஒரு முறை அந்த யுஎஸ்பி டிஸ்க்கை பார்மட் செய்து, அதற்கு வேறு பெயர் வைத்தேன். கட்டளையில் பழைய பெயரே இருந்துவிட்டது. அன்று இரவிலிருந்து கிரான் "நீங்கள் சொன்ன போல்டர் இல்லை" என்று தினமும் புகார் எழுதிக்கொண்டே இருந்தது. ஏழு மாதம். எனக்கு ஒரு வரி கூட வரவில்லை.

பிறகு அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் காலையில் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. கவலைப்படாமல் யுஎஸ்பி டிஸ்க்கைத் திறந்தேன். காலி. அப்பாவின் சதாபிஷேக போட்டோக்கள் அந்த ஏழு மாதத்துக்குள்தான் எடுத்தவை. இன்று எங்களிடம் மிச்சம் இருப்பது, உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுருங்கிப்போன பிரதிகள் மட்டும். பெரிதாகப் பிரிண்ட் போட்டால் முகம் கலங்கித் தெரிகிறது.

எஸ்எஸ்டி நன்றாக இருந்ததால் சிஸ்டத்தின் குறிப்பேட்டை, அதாவது லாக் பைலை, திறந்து பார்த்தேன். ஒவ்வொரு இரவும் 9.30க்கு ஒரே வரி: "நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்". எம்டிஏ என்றால் மெயில் டிரான்ஸ்பர் ஏஜென்ட். நம் மொழியில் தபால்காரர். "தபால்காரர் யாரும் இல்லை, அதனால் சொல்ல வந்ததைத் தூக்கி எறிகிறேன்" என்று கிரான் எழுதி வைத்திருக்கிறது. அதுவும் பொய் சொல்லவில்லை, பாவம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் கவனிக்கும் ஸ்மார்ட்டி என்ற புரோகிராமை முன்பே நிறுவியிருந்தேன். அது சாதாரணமாக முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்க்கைக் கேட்டுப் பார்க்கும். டிஸ்க் நிற்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே "8 செக்டர்களைப் படிக்க முடியவில்லை" என்று அது எழுதிக்கொண்டிருந்தது. அதற்கும் தபால்காரர் கிடைக்கவில்லை. இரண்டு காவலாளிகள் இரண்டு வேறு காரணத்துக்காகக் கத்தியிருக்கிறார்கள். இரண்டும் செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஏன் இப்படி? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

இமெயில் என்றாலே இன்டர்நெட் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது பிறந்ததே ஒரு கம்ப்யூட்டருக்குள். 1965ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் சிடிஎஸ்எஸ் என்ற சிஸ்டம் இருந்தது. ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பலரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவர் இன்னொருவருக்குச் செய்தி விட்டுச் செல்ல மெயில் என்ற கட்டளை அதில் எழுதப்பட்டது. ரே டாம்லின்சன் அட் குறியைப் போட்டு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பியது அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 1971ல். அதே 1971ல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலும் மெயில் கட்டளை இருந்தது.

ஆக, யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸில் எல்லா புரோகிராம்களும் ஒன்றை நம்பி எழுதப்பட்டன: ஏதாவது பிரச்சினை என்றால் ரூட் என்ற நிர்வாகிக்கு ஒரு மெயில் போட்டால் போதும், அவர் பார்த்துக்கொள்வார். கிரான் அப்படித்தான் செய்கிறது. ஸ்மார்ட்டி அப்படித்தான். இரண்டு டிஸ்க்குகளை ரெய்டு முறையில் ஜோடி சேர்த்து வைத்திருந்தால், அதில் ஒன்று போய்விட்டது என்பதை எம்டிஏடிஎம் என்ற புரோகிராம் ரூட்டுக்குத்தான் எழுதும். சூடோ கட்டளையும் அப்படியே. அனுமதி இல்லாத ஒருவர் சூடோ போட்டால் "இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்" என்று பழைய பதிப்புகளில் மிரட்டும். யாருக்குத் தெரிவிக்கும் என்று பல பேர் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்கள். ரூட்டின் தபால் பெட்டிக்குத்தான். பெட்டியே இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் உதார்.

அந்தக் காலத்தில் தபால்காரர் வேலையைப் பார்த்தது சென்ட்மெயில். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதியது. வேலை நன்றாகச் செய்யும். ஆனால் அதன் கான்பிகரேஷன் பைலைப் பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்தது போல இருக்கும். பாதுகாப்பிலும் ஓட்டைகள். 1988 நவம்பரில் இன்டர்நெட்டை முடக்கிய மாரிஸ் வோர்ம் உள்ளே நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று சென்ட்மெயிலில் இருந்த ஓட்டை. இதற்கு மாற்றாக 1995ல் கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் எக்ஸிம் எழுதினார். 1998ல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது வீட்சே வெனிமா எழுதிய போஸ்ட்பிக்ஸ் வெளியானது. இரண்டும் இன்றுவரை நல்ல முறையில் பராமரிக்கப்படுகின்றன.

இப்படி நல்ல தபால்காரர்கள் கிடைத்த பிறகுதான் டெஸ்க்டாப் லினக்ஸ் தபாலையே கைவிட்டது. வேடிக்கைதான்! உபுண்டு டெஸ்க்டாப்பை, மின்ட்டை நிறுவினால் எம்டிஏ எதுவும் வருவதில்லை. பெடோரா 2013 டிசம்பரில் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து சென்ட்மெயிலைச் சேர்ப்பதை நிறுத்தியது.

அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரூட்டின் தபால் பெட்டியை வீட்டு உபயோகிப்பாளர் யாரும் திறப்பதில்லை, யாரும் படிக்காத கடிதம் மலைபோல் சேர்கிறது, அதற்காக ஒரு சர்வர் புரோகிராம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது வீண், பாதுகாப்புக்கும் நல்லதில்லை. எல்லாம் சரி. ஆனால் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்றால், படிக்க வைக்க என்ன வழி என்றுதானே யோசிக்க வேண்டும்? வீட்டுக்காரர் வாசல் பக்கமே வருவதில்லை என்று தபால் பெட்டியைப் பிடுங்கி எறிந்தது எந்த ஊர் தீர்வு? அதிலும் கடிதம் எழுதும் புரோகிராம்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அவை இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன.

எஞ்சினியரிங் படிக்கும் என் அக்கா மகன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, இது நோட்டிபிகேஷன் காலம். டிஸ்க் கெட்டால் திரையில் மூலையில் பாப்-அப் வரும். இல்லையென்றால் ஜர்னலில் பாருங்கள். 1971ம் வருஷத்து மெயில் எதுக்கு?" என்றான்.

பாப்-அப் வருவது உண்மைதான். சில டெஸ்க்டாப்களில் டிஸ்க் பிரச்சினைக்கு அறிவிப்பு வரும். ஆனால் அது வரும்போது நீங்கள் லாக்-இன் செய்து திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். குழந்தை கேம் விளையாடும்போது வந்தால் ஒரு கிளிக்கில் அது போய்விடும். உங்கள் கிரான் வேலை தோற்றதற்கோ பாப்-அப்பே கிடையாது. ஜர்னல்? அதில் எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. என் ஏழு மாதக் கதையும் அதில்தான் இருந்தது. ஆனால் நாமாகப் போய்த் தேடினால்தான் கிடைக்கும், அதுவும் என்ன தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால். கடிதம் அப்படியில்லை. படிக்கும் வரை காத்திருக்கும். தேதி, நேரம், என்ன நடந்தது என்று முழு விவரமும் அதில் இருக்கும். ஆறு மாதம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போடுவோர் பலர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களிலும், பழையதை வாங்கி லினக்ஸ் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. பழைய கம்ப்யூட்டர் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க். எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்திருக்கிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டளைகளை எல்லாம் ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும்.

டெர்மினலைத் திறந்து "சூடோ ஆப்ட் அப்டேட்" என்று டைப் செய்து என்டர் தட்டவும். அது முடிந்ததும் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்பிக்ஸ் மெயில்யுடில்ஸ்" என்று கொடுக்கவும். கடைசிச் சொல்லை மெயில் என்ற சொல்லையும் யு-டி-ஐ-எல்-எஸ் என்ற எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும். கொஞ்ச நேரத்தில் டெர்மினலுக்குள்ளேயே ஒரு வண்ணத் திரை வந்து நீளமாக எதையோ விளக்கும். மவுஸ் இங்கே வேலை செய்யாமல் போகலாம். டேப் கீயை அழுத்தி ஓகே என்ற இடத்துக்குப் போய் என்டர் தட்டவும். அடுத்த திரையில் ஐந்து வழிகள் காட்டும். இங்கேதான் கவனம் தேவை. "இன்டர்நெட் சைட்" என்பதில் வெளிச்சம் இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அம்புக்குறி கீயால் கீழே வந்து "லோக்கல் ஒன்லி" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அடுத்து சிஸ்டம் மெயில் நேம் என்று கேட்டு ஒரு பெயரைக் காட்டும். அதை அப்படியே விட்டு என்டர் தட்டினால் போதும்.

பெடோராவில் டிஎன்எப் மூலம் போஸ்ட்பிக்ஸை நிறுவிய பின், சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் அதை நீங்களே இயக்கி வைக்க வேண்டும், தானாக ஓடாது. டெபியனில் எக்ஸிம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். அதன் கேள்விப் பட்டியலிலும் "லோக்கல் டெலிவரி ஒன்லி" என்ற வழி இருக்கிறது.

இப்போது தபால்காரர் வந்துவிட்டார். ஆனால் ரூட் என்ற பெயருக்கு வரும் கடிதத்தை உங்கள் பெயருக்குத் திருப்பிவிட வேண்டும். பல பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். தபால் வரும், ஆனால் நீங்கள் திறக்காத பெட்டிக்கு வரும். முதலில் "ஹூஅம்ஐ" கட்டளையைக் கொடுத்து உங்கள் யூசர் நேம் என்னவென்று பார்த்துக்கொள்ளவும். பிறகு சூடோவுடன் நானோ எடிட்டரில், ஈடிசி போல்டரில் உள்ள அலியாசஸ் என்ற பைலைத் திறக்கவும். கடைசியில் புதிய வரியில் ரூட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ஒரு இடைவெளி விட்டு உங்கள் யூசர் நேமை எழுதவும். கன்ட்ரோல் மற்றும் ஓ, என்டர், கன்ட்ரோல் மற்றும் எக்ஸ். சேவ் ஆகி வெளியே வந்துவிடும். அதன் பின் "சூடோ நியூஅலியாசஸ்" என்ற கட்டளையைக் கட்டாயம் கொடுக்கவும். இதைக் கொடுக்கும் வரை போஸ்ட்பிக்ஸுக்கு நீங்கள் செய்த மாற்றம் தெரியாது.

சோதித்துப் பாருங்கள். "மெயில் ரூட்" என்று கொடுத்தால் சிசி கேட்கும், வெறும் என்டர் தட்டவும். சப்ஜெக்ட் கேட்கும், ஏதாவது எழுதவும். பிறகு கடிதத்தை எழுதிவிட்டு, புதிய வரிக்கு வந்து கன்ட்ரோல் மற்றும் டி. சில விநாடிகள் கழித்து வெறும் "மெயில்" என்று மட்டும் கொடுங்கள். உங்கள் கடிதம் உங்களுக்கே வந்திருக்கும். எண்ணை டைப் செய்தால் படிக்கலாம். டி என்றால் அழிப்பது, க்யூ என்றால் வெளியேறுவது.

க்யூ கொடுத்து வெளியேறினால், படித்த கடிதம் பெட்டியை விட்டு மாயமாகிவிடும். பதற வேண்டாம். உங்கள் ஹோம் போல்டரில் எம்பாக்ஸ் என்று ஒரு பைல் புதிதாக வந்திருக்கும். படித்தவை அங்கே போய்ச் சேரும். "இது என்ன தேவையில்லாத பைல்" என்று அழித்துவிடாதீர்கள். படித்ததும் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றால் க்யூவுக்குப் பதில் எக்ஸ் கொடுக்கவும்.

டெர்மினலில் படிப்பது பிடிக்காதவர்கள் எவல்யூஷன் அல்லது கிளாஸ் மெயில் பயன்படுத்தலாம். எவல்யூஷனில் புது அக்கவுண்ட் சேர்க்கும்போது யூனிக்ஸ் எம்பாக்ஸ் ஸ்பூல் பைல் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, வார் போல்டருக்குள் மெயில் போல்டரில் உங்கள் பெயரில் இருக்கும் பைலைக் காட்டினால் போதும். ஆபீஸ் மெயிலுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரின் மெயிலும் வந்து நிற்கும். இங்கே ஒரு குறை சொல்லியாக வேண்டும். பலரும் பயன்படுத்தும் தண்டர்பேர்டில் முன்பு மூவ்மெயில் என்ற வகை அக்கவுண்ட் இருந்தது. உள்ளூர்ப் பெட்டியை நேரடியாகப் படிக்கும். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். தண்டர்பேர்டை விட மாட்டேன் என்பவர்கள் டவ்காட் என்ற இன்னொரு சர்வரை நிறுவி அதன் வழியாகப் படிக்கலாம். செய்யக்கூடியதுதான், ஆனால் புதியவருக்கு இது தலைவலி. எவல்யூஷனுக்கு மாறுவது சுலபம்.

"சர்வரை வீட்டு கம்ப்யூட்டரில் போடுகிறீர்களே, ஹேக்கர் வரமாட்டானா?" என்ற பயம் நியாயமானது. லோக்கல் ஒன்லி என்று தேர்ந்தெடுத்தால் போஸ்ட்பிக்ஸ் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே காது கொடுக்கும். அது கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. வெளியிலிருந்து யாரும் அந்தக் கதவைத் தட்ட முடியாது. நம்பிக்கை இல்லை என்றால் எஸ்எஸ் என்ற கட்டளையை, ஒரு ஹைபன் போட்டு எல்டிஎன் என்ற மூன்று எழுத்துகளோடு கொடுத்துப் பாருங்கள். 25 என்ற போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 இருக்க வேண்டும். ஐபிவி6 வரியில் இரண்டு முக்காற்புள்ளியும் ஒன்றும் இருக்கும். அதுவும் அதே உள் முகவரிதான். 0.0.0.0 என்று இருந்தால் ஏதோ தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், மீண்டும் செய்யுங்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரே வேண்டாம் என்பவர்களுக்கு டிஎம்ஏ என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. டிராகன்பிளை பிஎஸ்டி என்ற சிஸ்டத்துக்காக எழுதப்பட்டது. கடிதம் வரும்போது மட்டும் எழுந்து வேலை பார்த்துவிட்டுப் படுத்துவிடும். 2023 நவம்பரில் வந்த பிரீபிஎஸ்டி 14ல் சென்ட்மெயிலின் இடத்துக்கு இதைத்தான் கொண்டுவந்தார்கள். பெட்டியைப் பிடுங்காமல் சின்னதாக மாற்றினார்கள், பாருங்கள்! லினக்ஸ் டெஸ்க்டாப் தயாரிப்பவர்கள் இதைச் செய்திருக்கலாம்.

ஆசை ஒன்று எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. தபால்காரர்தான் வந்துவிட்டாரே, இந்தக் கடிதங்களை நேராக ஜிமெயிலுக்கே அனுப்பிவிட்டால் போனில் பார்க்கலாமே? வீட்டிலிருந்து நேரடியாக அனுப்ப நினைக்காதீர்கள். வீட்டு இணைப்புகளில் 25ஆம் போர்ட்டை அடைத்து வைப்பது வழக்கம். அடைக்காவிட்டாலும் வீட்டு ஐபி முகவரியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஸ்பாம் என்றே நினைக்கும். உங்கள் ஜிமெயில் அக்கவுண்ட் வழியாக அனுப்பலாம். ஆனால் 2022 மே 30க்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்டை கூகுள் இதற்கு ஏற்பதில்லை. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கி, அதை கம்ப்யூட்டரில் ஒரு பைலில் எழுதி வைக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் அம்மா அப்பாவின் கம்ப்யூட்டரை நீங்கள் கவனிக்கிறீர்கள் என்றால் இந்தச் சிரமம் தகும். நீங்களே தினமும் உட்காரும் கம்ப்யூட்டருக்கு உள்ளூர்ப் பெட்டி போதும் என்பது என் எண்ணம்.

இரண்டு வாரம் கழித்து என்ன ஆகும் தெரியுமா? தினமும் "எல்லாம் நலம், 14 பைல்கள் நகல் எடுக்கப்பட்டன" என்று கடிதம் வந்து குவியும். நீங்களும் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். பெடோராக்காரர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதனால் கிரானில் போடும் வேலைகள் வெற்றி பெற்றால் வாய் திறக்காமல் இருக்கும்படி எழுதுங்கள். ஆர்சிங்க் கட்டளையில் வி என்ற விருப்பத்தை எடுத்துவிட்டால் அது பேசாமல் வேலை செய்யும். பிழை வந்தால் மட்டும் பேசும். பேசியே தீரும் மற்ற புரோகிராம்களுக்கு மோர்யுடில்ஸ் தொகுப்பில் கிரானிக் என்று ஒரு கருவி இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் அதைச் சேர்த்தால், தோற்றால் மட்டுமே செய்தியை வெளியே விடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கடிதம் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தமா, தபால்காரரே போய்விட்டார் என்று அர்த்தமா? இதற்காக வாரம் ஒரு முறை, எந்தப் பிரச்சினையும் இல்லாவிட்டாலும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஒரு கடிதம் வரும்படி வைத்திருக்கிறேன். ஈடிசி போல்டரில் கிரான்.வீக்லி என்ற போல்டருக்குள் ஒரு ஸ்கிரிப்ட் பைல். முதல் வரியில் வழக்கமான ஷெல் அறிவிப்பு, இரண்டாவது வரியில் "டிஎப்" கட்டளை. அவ்வளவே. வீட்டு கம்ப்யூட்டரை நாம் எப்போதும் ஆன் செய்து வைப்பதில்லை. ஆனால் இந்த போல்டரில் உள்ளவற்றை அனக்ரான் கவனித்துக்கொள்ளும்; நேரம் தவறினாலும் அடுத்து ஆன் செய்யும்போது ஓட்டிவிடும்.

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்து எழுந்தது. உபுண்டு, மின்ட், டெபியனில் அந்த போல்டரில் வைக்கும் ஸ்கிரிப்ட்டின் பெயரில் புள்ளி இருக்கக்கூடாது. "பேக்கப்.எஸ்எச்" என்று பெயர் வைத்தால் சிஸ்டம் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பிழைச் செய்தி கூட வராது. வெறும் "பேக்கப்" என்று வைக்கவும். சிஎச்மாட் மூலம் அதற்கு இயக்க அனுமதியும் கொடுக்கவும்.

ஸ்மார்ட்டியை விட்டுவிடாதீர்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் அது வரும். அதன் கான்பிகரேஷன் பைலில் டிவைஸ்ஸ்கேன் என்று தொடங்கும் வரியில் ரூட்டுக்கு மெயில் போகும்படி ஏற்கனவே எழுதியிருக்கும். அந்த வரியின் கடைசியில் ஹைபன் போட்டு பெரிய எம், ஒரு இடைவெளி, டெஸ்ட் என்று சேர்த்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் ஒரு சோதனைக் கடிதம் வரும். வந்தது தெரிந்ததும், சேர்த்ததை எடுத்துவிடவும்.

இதற்கும் எல்லை இருக்கிறது. சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கே திடீரென்று செத்துவிட்டால் கடிதமும் அதோடு போகும். டிஸ்க் முழுவதும் நிரம்பிவிட்டால் பெட்டியில் எழுத இடம் இருக்காது. கிரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமரில் வைத்த வேலைகள் தோற்றால், நீங்கள் தனியாக ஏற்பாடு செய்தால் ஒழிய, கடிதம் போடுவதில்லை. இது கடைசியில் சொன்னது சின்ன விஷயம் இல்லை. புதிய டிஸ்ட்ரோக்களில் பல வேலைகள் டைமருக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. "சிஸ்டம்சிடிஎல்" கட்டளையை இரண்டு ஹைபன் போட்டு பெயில்டு என்று சேர்த்துக் கொடுத்தால், தோற்று நிற்கும் சர்வீஸ்களின் பட்டியல் வரும். அதையே வாரக் கடிதத்தின் மூன்றாவது வரியாகச் சேர்த்துவிட்டேன்.

போஸ்ட்பிக்ஸ் நிறுவுவதற்கு முன் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். "சூடோ ஜர்னல்சிடிஎல்" என்று எழுதி, நெட்டுக்கோடு போட்டு, "கிரெப்" என்று சேர்த்து, எம்டிஏ என்ற மூன்று எழுத்துகளைப் பெரிய எழுத்தில் கொடுத்து என்டர் தட்டவும். பதில் எதுவும் வரவில்லை என்றால் இதுவரை கிரானின் கடிதம் எதையும் நீங்கள் இழக்கவில்லை. வரிசையாக வரிகள் வந்தால், ஒவ்வொன்றும் நீங்கள் படிக்காமல் போன ஒரு கடிதம். அதில் என்ன எழுதியிருந்தது என்பது லாகில் இருக்காது. எந்தத் தேதி, எத்தனை மணி என்பது மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் எந்த வேலையை வைத்திருந்தீர்கள் என்று கிரான்டேப்பைத் திறந்து பாருங்கள்.